ஃபவுஸ்டுக்கு மோட்சம் உண்டா?

ஆத்துமாவைப் பிசாசுக்கு எழுதிக் கொடுத்தவனுக்குக் கரையேற வழி உண்டா? ஜெர்மன் மொழி வழங்கும் நாடுகள் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்வியை விட்டபாடில்லை. மலிவுப் புத்தகமாகத் தொடங்கி, பொம்மலாட்டம், செய்யுள் நாடகம், சிம்ஃபனி, மௌனப் படம், நாவல் என்று பல வடிவம் எடுத்து, ஒரு கட்டத்தில் அரசியல் சாசன நீதிமன்றத்தின் படியிலும் அது ஏறியிருக்கிறது. கதையின் நாயகன் பெயர் ஃபவுஸ்ட். நிறையப் படித்தவன், படித்தது போதாதென்று பிசாசோடு ஒப்பந்தம் போட்டவன். அவனைப் பற்றிய ஒவ்வொரு படைப்புக்கு அடியிலும் ஓர் இறையியல் வழக்கு கிடக்கிறது. மனிதன் தன் முயற்சியால் மீட்படைகிறானா, இறைவனின் கிருபையால் மட்டுமா? இந்த வழக்கை மடாலயத்திலிருந்து எடுத்து ஜெர்மானியரின் வீட்டுக் கூடத்தில் வைத்தவர் மார்ட்டின் லூத்தர். அவர் கதைக்கு ஒரு கோட்டையும் வேண்டியிருந்தது.

துரிங்கியாவில் ஐசனாக் நகருக்கு மேலே, காடு சூழ்ந்த குன்றின் உச்சியில் நிற்கிறது வார்ட்புர்க் கோட்டை. 1067இல் அதற்குக் கால்கோள் இட்டதாக மரபு சொல்கிறது. 1521 ஏப்ரலில் வோர்ம்ஸ் நகரில், பேரரசர் ஐந்தாம் கார்லின் சபை முன்பு, தம் நூல்களை மறுதலிக்க முடியாது என்று லூத்தர் சொல்லிவிட்டார். ஊர் திரும்பும் வழியில் குதிரை வீரர்கள் அவரைக் கடத்திக்கொண்டு போனார்கள். கடத்தல் ஒரு நாடகம்; ஆட்களை அனுப்பியவர் அவரைக் காப்பாற்ற நினைத்த சாக்சனி ஆட்சியாளர் ஃபிரீட்ரிஷ். 1521 மே முதல் 1522 மார்ச் வரை லூத்தர் தாடி வளர்த்து, யுங்கர் யோர்க் என்ற பொய்ப் பெயரில், வார்ட்புர்க்கில் ஒளிந்திருந்தார். கடைசி மாதங்களில், ஏறக்குறைய பதினொரு வாரத்தில், கிரேக்க மூலத்திலிருந்து புதிய ஏற்பாடு முழுவதையும் ஜெர்மனில் பெயர்த்து முடித்தார். அந்த செப்டம்பரிலேயே விட்டன்பெர்கில் அது அச்சேறியது.

அவர் எழுதிய அறையை இன்றும் காட்டுகிறார்கள். மரப்பலகை பதித்த சுவர், ஒரு மேசை, ஒரு கணப்பு, கால் வைத்துக்கொள்ளத் திமிங்கிலத்தின் முதுகெலும்புத் துண்டு ஒன்று. மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவரைத் தொல்லை செய்த பிசாசின் மேல் அவர் மைக்கூட்டை வீசினார், சுவரில் கறை படிந்தது என்பது பிற்காலத்தில் எழுந்த கதை. கறையைப் பார்க்க வந்தவர்கள் நினைவுப் பொருளாகக் காரையைச் சுரண்டிக்கொண்டு போனார்கள். காவலர்கள் அவ்வப்போது புது மை பூசி வைத்தார்கள். சுரண்டித் தீர்ந்த வெற்றிடம்தான் இப்போது மிச்சம். நடக்காத ஒரு நிகழ்ச்சியின் அடையாளத்தை மக்கள் இவ்வளவு பத்திரமாகக் காத்ததற்குக் காரணம் இல்லாமலில்லை. லூத்தரின் பிசாசு உருவகம் அல்ல. எழுதுகிறவன் அறைக்குள் வரக்கூடியவன்.

1525இல் எராஸ்மஸுக்கு மறுப்பாக எழுதிய நூலில், மனித சித்தம் ஒரு சவாரி விலங்கு என்கிறார் லூத்தர். கடவுள் ஏறினால் கடவுள் விரும்பும் இடத்துக்குப் போகும். சாத்தான் ஏறினால் சாத்தான் விரும்பும் இடத்துக்கு. யார் ஏறுவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை விலங்குக்கு இல்லை. நற்செயல்கள் மோட்சத்தை வாங்கித் தரா. கிருபையை நம்பும் விசுவாசம் ஒன்றே மனிதனை நீதிமான் ஆக்கும், அந்த விசுவாசமும் கொடையாக வருவதே. இந்தக் கோட்பாட்டிலிருந்து ஒரு வினோதமான முடிவு பிறக்கிறது. செயலால் மீட்பு இல்லையென்றால், எவ்வளவு பெரிய பாவச் செயலும் கிருபையைவிடப் பெரிதாகிவிட முடியாது. கெட்டுப் போக மிஞ்சியிருக்கும் வழி ஒன்றுதான்: எனக்குக் கிருபை கிடையாது என்று நம்பிவிடுவது.

இதே வழக்கைத் தமிழ் வைணவம் வேறு சொற்களில் நடத்தியிருக்கிறது. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியா, தாய் வாயில் கவ்விக்கொண்டு போகும் பூனைக் குட்டியா என்பது வடகலைக்கும் தென்கலைக்கும் இடையே நின்ற வாதம். மார்புர்க் பல்கலைக்கழக இறையியலாளர் ருடால்ஃப் ஓட்டோ 1930இல் வெளியிட்ட நூலில் இந்த இரு நியாயங்களையும் லூத்தரின் கிருபைக் கோட்பாட்டோடு நேராக ஒப்பிட்டார். பூனை நியாயத்தில் தம் லூத்தரை அடையாளம் காண அவருக்குச் சிரமம் இருக்கவில்லை.

லூத்தர் காலத்தில் ஃபவுஸ்ட் என்ற பெயரில் உண்மையாகவே ஒருவன் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தான். ஜோசியம், மருத்துவம், மாயவித்தை எல்லாம் கலந்த ஆள். 1507இல் டிரித்தேமியஸ் என்ற மடாதிபதி அவனைப் புளுகன் என்று கடிதத்தில் திட்டினார். 1520இல் பாம்பெர்க் ஆயர் தமக்கு ஜாதகம் கணித்ததற்காக அவனுக்குப் பத்து குல்டன் கொடுத்த கணக்கு இருக்கிறது. 1528இல் இங்கோல்ஸ்டாட் நகரம் அவனை வெளியே அனுப்பியது. லூத்தரின் மேசைப் பேச்சுகளிலும் அவன் பெயர் அடிபடுகிறது. 1540 வாக்கில் ஷ்டாவுஃபன் என்ற சிற்றூரின் விடுதி ஒன்றில் அவன் செத்ததாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் அவன் பெரிய ஆளானான்.

1587இல் ஃபிராங்ஃபுர்ட்டில் யோஹான் ஷ்பீஸ் என்ற அச்சகர், ஆசிரியர் பெயர் போடாமல், டாக்டர் ஃபவுஸ்டின் வரலாற்றை வெளியிட்டார். நூலின் நிறம் முழுக்க லூத்தரியம். நாயகன் படித்த ஊர் விட்டன்பெர்க், லூத்தரின் ஊர். ரத்தத்தில் கையெழுத்திட்டு இருபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பிசாசின் பணியைப் பெறுகிறான். இடையில் அவனுக்குக் கல்யாண ஆசை வருகிறது. பிசாசு தடுக்கிறது, ஏனென்றால் திருமணம் கடவுள் ஏற்படுத்தியது. துறவு விட்டு மணம் புரிந்த லூத்தரின் வாசகர்களுக்கு அந்த இடம் நன்றாகவே புரிந்திருக்கும். கெடு முடியும் இரவில் மாணவர்களோடு விருந்துண்டு, அழுது, விடைபெறுகிறான். காலையில் அறைச் சுவரெல்லாம் ரத்தமும் மூளையும். உடல் வெளியே சாணக் குப்பையில் கிடக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது தண்டனையின் கோரம் அல்ல. ஒப்பந்தம் போட்டதற்காக அந்த நூல் ஃபவுஸ்டை நரகத்துக்கு அனுப்பவில்லை. வருந்துகிறான், அழுகிறான், ஆனால் தன் பாவம் காயீனின் பாவம்போல மன்னிப்புக்கு எட்டாதது என்று நம்புகிறான். அந்த அவநம்பிக்கையே அவனை அழிக்கிறது. லூத்தரியக் கணக்கின்படி அவன் கெட்டது அறிவுப் பசியால் அல்ல, கிருபையைக் குறைத்து மதிப்பிட்டதால். சிறுபிள்ளை நீதிக் கதை என்று ஒதுக்கப்படும் இந்த நூலில் பிற்காலத்து மேதைகள் பலரிடம் இல்லாத கறார் இருக்கிறது.

நூல் விரைவில் ஆங்கிலத்துக்குப் போனது. கிறிஸ்டோஃபர் மார்லோ அதை நாடகமாக்கினார். ஊர் சுற்றும் ஆங்கிலக் கூத்தாடிகள் அந்த நாடகத்தை ஜெர்மன் பேசும் ஊர்களுக்கே திரும்பக் கொண்டுவந்தார்கள். 1608இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் அது நடந்தது. பிறகு பொம்மலாட்டமாகத் தேய்ந்தது. ஃபிராங்ஃபுர்ட்டில் ஒரு வசதியான குடும்பத்துச் சிறுவன் அந்தப் பொம்மலாட்டத்தைப் பார்த்தான். அவன்தான் யோஹான் வோல்ஃப்காங் கதே.

கதேக்கு முன்பே கதையின் முடிவை மாற்றத் துணிந்தவர் லெஸ்ஸிங். அறிவொளிக் காலத்தின் கூர்மையான தலை அவருடையது. அறிவைத் தேடும் தாகத்தைக் கடவுளே மனிதனுக்குக் கொடுத்திருக்க, அதற்காக அவனை நரகத்தில் தள்ளுவாரா என்பது அவர் வாதம். 1759இல் ஒரு காட்சியை மட்டும் வெளியிட்டார். மீதி எழுத்துகள் வைத்திருந்த பெட்டி தொலைந்துபோனது. ஃபவுஸ்ட் காப்பாற்றப்படுவான் என்பது அவர் நண்பர்கள் வழியாகத் தெரிய வந்த செய்தி.

கதே இந்த நாடகத்தோடு ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் வாழ்ந்தார். 1770களில் தொடங்கி, 1790இல் ஒரு துண்டை வெளியிட்டு, 1808இல் முதல் பாகத்தை முடித்து, இரண்டாம் பாகத்தை 1831இல் எழுதிக் கட்டி முத்திரையிட்டார். 1832 மார்ச்சில் அவர் இறந்த பிறகே அது வெளிவந்தது. தொடக்கத்தில் வரும் விண்ணுலகக் காட்சி யோபுவின் புத்தகத்தை ஒட்டியது: கடவுளும் பிசாசான மெஃபிஸ்டோஃபிலிஸும் ஒரு மனிதனை வைத்துப் பேசிக்கொள்கிறார்கள். அதற்கும் முன்னால் நாடக மேலாளரும் கவிஞரும் விகடனும் பேசும் ஒரு முன்னுரைக் காட்சி உண்டு; காளிதாசனின் சாகுந்தலத்தை ஜெர்மனில் படித்து மயங்கியிருந்த கதே, சூத்திரதாரன் வரும் தொடக்கத்தை அங்கிருந்து எடுத்தார் என்பது பொதுவான கருத்து.

கதேயின் பெரிய மாற்றம், ஒப்பந்தத்தைப் பந்தயமாக்கியது. இங்கே காலக்கெடு கிடையாது. எந்த ஒரு கணத்தைப் பார்த்தாவது ‘நில், நீ அழகாக இருக்கிறாய்’ என்ற பொருளில் ஃபவுஸ்ட் சொல்லிவிட்டால் அவன் தோற்றான். திருப்தியே தோல்வி, திருப்தியின்மையே உயிர். இதற்கு முந்திய காட்சியில் அவன், வார்ட்புர்க் லூத்தரைப் போலவே, மேசையில் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை விரித்து ஜெர்மனில் பெயர்க்க உட்காருகிறான். யோவான் நற்செய்தியின் முதல் வரியில் ஆதியிலே இருந்தது ‘வார்த்தை’ என்பது அவனுக்கு ஒப்பவில்லை. மாற்றி மாற்றிப் போட்டுக் கடைசியில் ‘செயல்’ என்று எழுதுகிறான். அறைக்குள் கூட வந்த கறுப்பு நாய் அப்போதே உறுமத் தொடங்கி, வீங்கி, மெஃபிஸ்டோவாக வெளிப்படுகிறது. லூத்தர் மை எறிந்து விரட்டிய விருந்தாளி, செயலை நம்புகிறவன் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறான். கதே இதைத் தெரியாமல் எழுதியிருக்க முடியாது.

முதல் பாகத்தின் உயிர், ஃபவுஸ்ட் மயக்கும் இளம்பெண் கிரெட்சென். 1772 ஜனவரியில் ஃபிராங்ஃபுர்ட்டில் சுசன்னா மார்கரேத்தா பிராண்ட் என்ற பணிப்பெண், பிறந்த குழந்தையைக் கொன்ற குற்றத்துக்காகத் தலை வெட்டப்பட்டாள். அந்த வழக்கை இளம் வழக்கறிஞர் கதே அருகிலிருந்து அறிந்திருந்தார். நாடகத்தில் கிரெட்சென் ஃபவுஸ்டிடம் மிக எளிமையாகக் கேட்கிறாள்: மதத்தைப் பற்றி உன் நிலை என்ன? அவன் அழகான சொற்களில் சுற்றி வளைக்கிறான். கடவுளை யார் பெயரிட்டுச் சொல்ல முடியும், உணர்வே எல்லாம் என்கிறான். அவளுக்குச் சரியாகப் படவில்லை, ஆனாலும் அவனை நம்புகிறாள். தட்டிக் கழிக்க முடியாத அடிப்படைக் கேள்வியை ஜெர்மனில் இன்றும் ‘கிரெட்சென் கேள்வி’ என்கிறார்கள். அரசியல்வாதியிடம் பத்திரிகையாளர் கேட்பதற்குக்கூட அந்தப் பெயர்தான்.

அதன்பின் தாய், அண்ணன், குழந்தை எல்லாரும் சாகிறார்கள். சிறையில் தப்பிக்க வழி இருந்தும் அவள் போக மறுத்து, கடவுளின் தீர்ப்புக்குத் தன்னை ஒப்படைக்கிறாள். கதே இளமையில் எழுதிய முதல் வடிவத்தில், அவள் தண்டனைக்கு உள்ளாகிவிட்டாள் என்ற மெஃபிஸ்டோவின் சொல்லுக்கு மறுப்பு இல்லை. 1808 பதிப்பில் அதற்கு மேலே வானத்திலிருந்து ஒரு குரல் சேர்ந்தது: அவள் மீட்கப்பட்டாள் என்று. ஆக ஃபவுஸ்டின் கணக்கைத் தீர்ப்பதற்கு இருபத்துமூன்று ஆண்டுகள் முன்பே கிரெட்செனின் கணக்கை கதே தீர்த்துவிட்டார். அவளை மீட்டது முயற்சி அல்ல என்பது வெளிப்படை.

இரண்டாம் பாகத்தின் ஐந்தாம் அங்கத்தில் ஃபவுஸ்டுக்கு நூறு வயது. கடலை அணை கட்டித் தடுத்து நிலம் மீட்கும் பெருந்திட்டத்தின் தலைவன். அவன் மாளிகைக்கு எதிரே ஒரு மேட்டில் ஃபிலேமோன், பவுகிஸ் என்ற கிழத் தம்பதியின் குடிசையும், சிறு ஆலயமும், சில லிண்டன் மரங்களும் இருக்கின்றன. ஆலய மணியோசை அவனுக்கு எரிச்சலூட்டுகிறது. நாட்டையே தன்வசமாக்கியவனுக்கு அந்த ஒரு மேடு கண்ணை உறுத்துகிறது. மாற்று இடம் கொடுத்து அவர்களை அப்புறப்படுத்தச் சொல்கிறான். மெஃபிஸ்டோ நாபோத்தின் திராட்சைத் தோட்டம் என்ற பழைய வேதாகமக் கதையை நினைவூட்டிவிட்டு, மூன்று அடியாட்களோடு போகிறான். குடிசை எரிகிறது, கிழவனும் கிழவியும் விருந்தாக வந்த வழிப்போக்கனும் சாகிறார்கள். நான் மாற்று நிலம் தரச் சொன்னேன், கொள்ளையடிக்கவா சொன்னேன் என்கிறான் ஃபவுஸ்ட். உத்தரவு போட்டவர்கள் எப்போதும் சொல்வதுதான்.

பிறகு ‘கவலை’ என்ற உருவம் சாவித் துவாரம் வழியாக நுழைந்து ஊதி அவன் கண்ணைக் குருடாக்குகிறது. வெளியே மண்வெட்டிச் சத்தம் கேட்கிறது. தன் ஆட்கள் கால்வாய் வெட்டுகிறார்கள் என்று அவன் மகிழ்கிறான். உண்மையில் வெட்டப்படுவது அவன் குழி. சுதந்திர மண்ணில் சுதந்திர மக்களோடு நிற்கும் ஒரு நாள் வந்தால் அந்தக் கணத்தைப் பார்த்து ‘நில்’ என்று சொல்லலாம் என்று சொல்லியபடியே விழுந்து சாகிறான். சொன்னதாகவும் ஆயிற்று, சொல்லாததாகவும் ஆயிற்று. பந்தயத்தில் யார் ஜெயித்தார்கள் என்று உரையாசிரியர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் வழக்காடியிருக்கிறார்கள். கதே அந்த வழக்கில் அக்கறை காட்டவில்லை. வானவர்கள் ரோஜாப் பூக்களைத் தூவுகிறார்கள். இளம் வானவர்களின் அழகில் மெஃபிஸ்டோ சொக்கி நிற்கும்போது ஆத்துமாவைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். உலக இலக்கியத்தின் மிக உயர்ந்த மீட்புக் காட்சிக்கு வாசல் இந்தக் கேலிக்கூத்துதான்.

மேலே ஏறிப்போகும்போது வானவர்கள் பாடும் வரிகளைத்தான் பள்ளிக்கூடங்கள் மனப்பாடம் செய்ய வைத்தன: இடைவிடாது முயல்பவனை எங்களால் மீட்க முடியும் என்பது அதன் சாரம். இதை வைத்துக்கொண்டு 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனி முயற்சியையே மதமாக்கியது. ஆனால் அடுத்த வரிகளில் மேலிருந்து வரும் அன்பும் அவன்மேல் பங்கு கொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. 1831 ஜூன் 6 அன்று, தம் உரையாடல்களைக் குறித்துவைத்த எக்கர்மனிடம் கதே இதை விளக்கியிருக்கிறார். ஃபவுஸ்டிடம் கடைசிவரை தூய்மையாகிவரும் செயலூக்கம், மேலிருந்து துணைக்கு வரும் நித்திய அன்பு, இரண்டும் சேர்ந்ததே திறவுகோல். நம் சொந்த பலத்தால் மட்டும் நாம் மோட்சம் அடைவதில்லை என்ற மதக் கருத்துக்கு இது இசைந்ததே என்றார். லூத்தருக்கு இந்தக் கூட்டுக் கணக்கு பிடித்திருக்காது. பூனைக் குட்டியின் பக்கம் நின்றவர் அவர்.

அந்த அன்பு மேடையில் யார் உருவில் வருகிறது என்பது முக்கியம். மனந்திரும்பிய பெண்களில் ஒருத்தியாகக் கிரெட்சென் தோன்றி, விண்ணரசியிடம் ஃபவுஸ்டுக்காக மன்றாடுகிறாள். அவனால் அழிக்கப்பட்டவளே அவனுக்கு வழிகாட்ட அனுமதி கேட்கிறாள். புராட்டஸ்டண்டு வீட்டில் பிறந்த கதே இங்கே கத்தோலிக்கத் துறவிகள், மரியாள், பரிந்துரை என்று எல்லாவற்றையும் கூச்சமில்லாமல் எடுத்துக்கொள்கிறார். இதற்குப் பின்னால் இன்னொரு பழைய நினைவும் இருக்கிறது. இளமையில் கோட்ஃபிரீட் ஆர்னோல்டின் திருச்சபை வரலாற்றை அவர் விரும்பிப் படித்தார். பதிதர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு அனுதாபம் காட்டிய நூல் அது. முடிவில் எல்லா உயிர்களும் கடவுளிடமே திரும்பும் என்ற, பண்டைத் திருச்சபை அறிஞர் ஓரிஜனின் கோட்பாட்டின் சாயலை ஆய்வாளர்கள் கடைசிக் காட்சியில் காண்கிறார்கள். 1530இல் லூத்தரியர் வெளியிட்ட ஆவ்க்ஸ்புர்க் விசுவாச அறிக்கையின் 17ஆம் பிரிவு இந்தக் கோட்பாட்டை வெளிப்படையாகக் கண்டிக்கிறது.

கதேயின் விடையை இசைக்காரர்கள் பேராசிரியர்களைவிட நன்றாகக் கேட்டார்கள். 1814 அக்டோபர் 19 அன்று வியன்னாவில் பதினேழு வயது ஷூபர்ட், ராட்டையில் நூற்றபடி கிரெட்சென் புலம்பும் பாட்டுக்கு இசையமைத்தார். பியானோவின் வலக்கை சக்கரமாகச் சுழன்றுகொண்டே இருக்கிறது. அவன் தந்த முத்தத்தை அவள் நினைக்கும் இடத்தில் சக்கரம் நின்றுவிடுகிறது. பிறகு தடுக்கித் தடுக்கி மறுபடி ஓடத் தொடங்குகிறது. முயற்சி, செயல், ஆண்மை என்ற பேச்சுக்கெல்லாம் அப்பால் அந்த நாடகத்தில் யார் பாதிக்கப்பட்டார் என்பதை அந்தப் பையன் மூன்று நிமிடத்தில் சொல்லிவிட்டான்.

வார்ட்புர்க்கும் இந்தக் காலத்தில் இசை வழியாகத் திரும்பி வந்தது. 1842இல் பாரிசிலிருந்து டிரெஸ்டனுக்குப் போகும் வழியில் வாக்னர் கோட்டையைப் பார்த்தார். 1845இல் அங்கே கதை நடக்கும் ‘டான்ஹொய்சர்’ ஓபரா மேடையேறியது. வீனஸின் குகையில் கிடந்த பாவி ரோமுக்கு நடந்து போகிறான்; என் கைத்தடி துளிர்த்தால்தான் உனக்கு மன்னிப்பு என்கிறார் போப்; கடைசியில் தடி துளிர்க்கிறது, அவனை நேசித்த எலிசபெத்தின் ஜெபத்தால். இங்கும் மீட்பது ஒரு பெண்ணின் பரிந்துரையே. பவேரிய அரசர் இரண்டாம் லூட்விக் அந்த ஓபராவில் மூழ்கி, 1867இல் வார்ட்புர்க்குக்கு வந்து பாடகர் கூடத்தைப் பார்த்துவிட்டு, 1869இல் அதேபோன்ற கூடத்தை வைத்து நோய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையைக் கட்டத் தொடங்கினார். கோட்டை முடியுமுன்னே 1886இல் ஏரியில் பிணமாகக் கிடந்தார். சில வாரங்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களை உள்ளே விட்டார்கள். இறையியல் வெறும் அலங்காரமாகிப் போனதற்கு அதைவிடப் பெரிய கட்டடம் ஜெர்மனியில் இல்லை.

லிஸ்ட் எழுதிய ஃபவுஸ்ட் சிம்ஃபனி 1857 செப்டம்பரில் வைமாரில், கதே–ஷில்லர் சிலை திறப்பு விழாவில் ஒலித்தது. ஃபவுஸ்டின் முதல் கருப்பொருள் பன்னிரண்டு சுரங்களையும் தொட்டு, எந்த இடத்திலும் நிலைகொள்ளாமல் அலைகிறது. கிரெட்செனுக்குத் தனிப் பகுதி. மெஃபிஸ்டோவுக்குச் சொந்தமென்று பெரிதாக ஒரு ராகச் சொற்றொடரும் இல்லை. ஃபவுஸ்டின் சொற்றொடர்களையே கோணலாக்கிக் கேலி செய்வதுதான் அவன் வேலை. தீமைக்குச் சொந்த இருப்பு கிடையாது, அது நன்மையின் திரிபு என்று அகஸ்டின் சொன்னதை லிஸ்ட் இசையாக எழுதிக் காட்டினார். கிரெட்செனின் ராகத்தை மட்டும் மெஃபிஸ்டோவால் தொட முடிவதில்லை. 1910 செப்டம்பர் 12 அன்று மூனிக்கில் மாலரின் எட்டாம் சிம்ஃபனி, ஆயிரத்துக்கு மேற்பட்ட கலைஞர்களோடு, கதேயின் கடைசிக் காட்சியைப் பாடியது. முதல் பாதி தூய ஆவியை அழைக்கும் லத்தீன் பாசுரம். யூதராகப் பிறந்து கத்தோலிக்கரான மாலர், கிருபையை அழைப்பதையும் கிருபை வருவதையும் ஒரே படைப்பின் இரு பாதிகளாக்கினார். அந்தச் சபையில் நாவலாசிரியர் தாமஸ் மன் உட்கார்ந்திருந்தார்.

சினிமாவுக்கு வந்தபோது கதை பழைய ஓவியம்போல ஆனது. உஃபா நிறுவனத்துக்காக முர்னாவ் 1926இல் எடுத்த ‘ஃபவுஸ்ட்’ மௌனப் படத்தில், ஊரையே மூடும்படி மெஃபிஸ்டோவின் கறுப்பு அங்கி விரிகிறது; அதன் நிழலிலிருந்து கொள்ளைநோய் இறங்குகிறது. எமில் யானிங்ஸ் நடித்த அந்தப் பிசாசிடம் ஃபவுஸ்ட் போவது அறிவுக்காக அல்ல, செத்துக்கொண்டிருக்கும் ஊராரைக் காப்பாற்ற. நோயாளி ஒருத்தியின் கையிலிருக்கும் சிலுவையை அவனால் பார்க்க முடியவில்லை என்று தெரிந்ததும் அதே ஊரார் அவனைக் கல்லால் அடிக்கிறார்கள். நல்லது செய்யவே பிசாசிடம் போனவன் என்ற இந்தத் திருப்பம் கதேயிடம் இல்லை. படத்தின் மிகச் சிறந்த பகுதியும் இதுவே. கடைசியில் இளமையைத் துறந்து கிழவனாகி, கிரெட்செனோடு சிதையில் ஏறுகிறான். ‘அன்பு’ என்ற ஒரே சொல் ஒப்பந்தத்தை முறித்தது என்று தலைமைத் தூதர் அறிவிக்கிறார். பார்க்க அழகு, இறையியலாகக் கொஞ்சம் மலிவு.

இதற்கிடையில் 1918இல் ஷ்பெங்லர் மேற்கத்திய நாகரிகத்துக்கே ‘ஃபவுஸ்டிய’ என்று பெயர் சூட்டியிருந்தார். எல்லையற்ற முயற்சி பாவம் என்ற நிலையிலிருந்து பெருமை என்ற நிலைக்கு ஏறிவிட்டது. 1937இல் வைமாருக்கு அருகே எட்டர்ஸ்பெர்க் குன்றில், கதே உலாவிய காட்டில், புஹென்வால்ட் வதைமுகாம் எழுந்தது. மரங்களை வெட்டியவர்கள் ஓர் ஓக் மரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள்; கைதிகள் அதைக் ‘கதே ஓக்’ என்றார்கள். 1944 ஆகஸ்டில் விமானத் தாக்குதலில் அது கருகியது.

மெஃபிஸ்டோ வேடத்தில் பெர்லினைக் கட்டிப்போட்ட நடிகர் குஸ்தாஃப் கிரூண்ட்கன்ஸ், நாஜித் தலைவர் கோரிங்கின் ஆதரவில் 1934இல் அரசு நாடக அரங்கின் தலைவரானார். அவருடைய முன்னாள் மைத்துனர் கிளவுஸ் மன் நாட்டை விட்டு வெளியேறி, 1936இல் ஆம்ஸ்டர்டாமில் ‘மெஃபிஸ்டோ’ என்ற நாவலை வெளியிட்டார். மேடையில் பிசாசாக நடிப்பவன் வாழ்க்கையில் ஃபவுஸ்டாகி ஆத்துமாவை விற்கிறான் என்பது நாவலின் கூர்முனை. போருக்குப் பிறகும் கிரூண்ட்கன்ஸ் மெஃபிஸ்டோவாகவே நின்றார். அவருடைய ஹாம்புர்க் மேடையேற்றத்தை 1960இல் படமாக்கிய பேட்டர் கோர்ஸ்கி அவருடைய வளர்ப்பு மகன். நடிகர் 1963இல் இறந்த பின் நாவலை எதிர்த்து வழக்குத் தொடுத்தவரும் அவரே. 1971இல் அரசியல் சாசன நீதிமன்ற நீதிபதிகள் மூன்றுக்கு மூன்று எனப் பிரிந்ததால் தடை நின்றது. இறந்தவரின் மானமா, கலையின் சுதந்திரமா என்று ஜெர்மன் சட்டக் கல்லூரிகள் இன்றும் பாடம் நடத்தும் வழக்கு அது. 1981இல் ஒரு பதிப்பகம் துணிந்து நூலை வெளியிட்டது. அதே ஆண்டு ஹங்கேரிய இயக்குநர் இஸ்த்வான் சாபோ, ஆஸ்திரிய நடிகர் பிராண்டவரை வைத்து அதைப் படமாக்கி ஆஸ்கார் வாங்கினார். இந்தக் கதையில் கிருபைக்கு இடமே இல்லை. பதவிக்காக விற்றவன் வருந்துவதுகூட இல்லை.

கிளவுஸின் தந்தை தாமஸ் மன் கிருபைக் கேள்வியை அப்படி விட்டுவிடவில்லை. 1943 மே மாதம் கலிஃபோர்னியாவில் எழுதத் தொடங்கி, 1947இல் வெளியிட்ட ‘டாக்டர் ஃபவுஸ்டுஸ்’ நாவலில் அவர் கதேயைத் தாண்டி 1587ஆம் ஆண்டு நூலுக்கே போனார். நாயகன் ஆட்ரியன் லெவர்கூன் இசையமைப்பாளன். முதலில் ஹாலே பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்தவன். இத்தாலியின் பலஸ்திரீனா ஊரில் பிசாசு அவனோடு உட்கார்ந்து பேசுகிறது. இருபத்துநான்கு ஆண்டுகள் மேதைமை. விலை, யாரையும் நேசிக்கக் கூடாது. அவன் நேசித்த சின்னஞ்சிறு மருமகன் மூளைக் காய்ச்சலில் துடித்துச் சாகிறான்.

அந்த உரையாடலில் லூத்தரியத்தின் மிகக் கூரிய சிக்கல் வெளிப்படுகிறது. மன்னிப்பே கிடையாது என்று முழுமையாக நம்பும் பாவியின் வருத்தமே கிருபையை அதிகம் இழுக்கும் அல்லவா என்கிறான் லெவர்கூன். பிசாசு சிரிக்கிறது: அப்படிக் கணக்குப் போட்டு வருந்துகிறவனுக்குக் கிருபை எப்படி வரும்? 1587 நூலின் அவநம்பிக்கை எளிய மனிதனுடையது. லெவர்கூனின் அவநம்பிக்கை தன்னையே கவனித்துக்கொண்டிருக்கும் அறிவாளியுடையது. அதற்கு வெளியே போகும் கதவு தெரியவில்லை. அவன் கடைசியாக எழுதும் ஃபவுஸ்டின் புலம்பல் என்ற இசைக்காவியம் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்ஃபனியைத் திரும்பப் பெற்றுக்கொள்வதற்காகவே எழுதப்பட்டது. வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கி, ஒரு செல்லோவின் உச்ச சுரம் மட்டும் மிஞ்சுகிறது. அந்தச் சுரத்தில் நம்பிக்கையை எவ்வளவு வைப்பது என்பதில் மன்னுக்கும் அவருடைய இசை ஆலோசகர் அடோர்னோவுக்கும் கருத்து மாறுபட்டது. முதலில் எழுதியது மிகத் தாராளமான ஆறுதல் என்று அடோர்னோ ஆட்சேபித்தார். மன் திருத்தி எழுதினார். இதை 1949இல் மன்னே பதிவு செய்திருக்கிறார்.

1945 மே மாதம் வாஷிங்டனில் ஆற்றிய உரையில், நல்ல ஜெர்மனி ஒன்று, கெட்ட ஜெர்மனி ஒன்று என்று இரண்டு கிடையாது, இருப்பது ஒன்றே என்றார் மன். லூத்தரையும் அந்தப் பட்டியலிலிருந்து அவர் விலக்கவில்லை. முயல்பவன் கட்டாயம் மீட்கப்படுவான் என்ற பள்ளிக்கூட நம்பிக்கை அதோடு முடிந்தது. 1945க்குப் பிறகு இரண்டாம் பாகத்தை வாசிப்பவர்களின் கண் வானவர் பாட்டைவிட எரிந்த குடிசைமேல்தான் அதிகம் விழுகிறது. சொந்த நிலத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களின் கதை அவர்களுக்குப் பழங்கதையாக இல்லை.

கிரெட்சென் மன்னித்தாள் என்பதால் ஃபவுஸ்ட் கரையேறினான் என்பது கதேயின் விடை. முயற்சிக்கு மோட்சம் என்று அதைச் சுருக்கியவர்கள் நாடகத்தைப் பாதியில் மூடிவைத்தவர்கள். ஆனால் ஃபிலேமோனும் பவுகிஸும் அந்தக் கடைசிக் காட்சிக்கு அழைக்கப்படவில்லை. அவர்கள் சார்பில் யாரும் பேசவில்லை, அவர்களிடம் யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை. கதேயின் நாடகத்தில் உள்ள மிகப் பெரிய குறை அதுதான்.